முழுச் சிக்கன வாரம்

என் கல்யாணத்தை நிறுத்தியது வேறு யாருமில்லை, எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையேதான். பெண் பிடிக்கவில்லை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் ஒரு பாட்டம் அழுது, நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். அவர் பொருளாதாரம் படித்து நிறுத்தினார். அதற்கு என்னவென்று திட்டுவது?

அவர் பெயர் காஜா. என் மாமா மகன். திருநெல்வேலியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். தென்காசியில் எங்கள் பாவடித் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். அவர் ரயிலேறிய அன்றைக்குத் தெருவே ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தது. அதனால் அவர் வாயைத் திறந்தால் போதும், பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். வினையே அதுதான்.

பாவடித் தெரு நெசவுத் தெரு. வீட்டுக்கு வீடு தறி. எங்கள் வீட்டில் சேலை, எதிர்வீட்டில் கைலி, பக்கத்து வீட்டு ராபியா மாமி வீட்டில் பெண்கள் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி, தெருக்கோடியில் குற்றாலத்துக்குப் போகிற குளியல் துண்டு. தன் தறியில் நெய்ததைத் தானே உடுத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அடுத்த வீட்டுத் தறியிலிருந்துதான் காசு கொடுத்து வாங்குவோம். நம் கை நெய்த துணியை நாம் கட்டினால் எங்கே இழை அறுந்தது, எங்கே கரை கோணியது என்று பார்த்துக்கொண்டே இருப்போமாம். கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பது வீட்டுத் தறி ஓடும்.

நான் சொல்வது முப்பத்து மூன்றாம் வருஷம். உலகம் பூராவும் விலை விழுந்துவிட்டது என்றார்கள். உலகத்தை யார் கண்டது? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சுரண்டைச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போன துணி, மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான். நெல்லை அள்ளிக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் வயல் வைத்திருந்த சம்சாரிகள் தவித்தார்கள். அவர்கள் வேட்டி எங்கே வாங்குவது? எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்த காஜாவைப் பள்ளிவாசலில் பேசச் சொன்னார்கள். அவரும் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கப் பேசியிருக்கிறார்.

"ஒரு வீடு சிக்கனமா இருந்தா அந்த வீடு நிமிரும். தெருவே சிக்கனமா இருந்தா தெருவே நிமிரும். சேமிப்புதான் மூலதனம். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

ஜமாஅத் தலைவர் அப்துல் மஜீதுக்கு இந்தப் பேச்சு தேனாக இனித்தது. தெருவுக்கே நூல் விற்கிற கடை அவருடையது. நல்ல மனுஷர், நேர்மையானவர், பிடிவாதத்தில் மட்டும் யானை. நல்ல காலம் வருகிற வரைக்கும் தெருவில் யாரும் புதுத்துணி எடுக்கக் கூடாது, கல்யாணங்களைத் தள்ளிப் போட வேண்டும், கடைப் பலகாரம், வண்டிச் சவாரி எல்லாவற்றையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டு, அதை உறுதியாக்க ஃபாத்திஹாவும் ஓதி முடித்துவிட்டார்கள். துணி நெய்து பிழைக்கிற தெரு, துணி வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நூல் வியாபாரி. அங்கே இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

ஆனியில் குற்றாலச் சாரல் விழுந்ததும் எனக்கு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். தள்ளிப் போட்ட கல்யாணங்களில் முதல் கல்யாணம் அதுதான்.

அடுத்த ஐந்து மாதத்தில் தெருவின் சத்தமே மாறிவிட்டது. முதலில் துப்பட்டித் தறி நின்றது. துப்பட்டி விற்காததால் ராபியா மாமி கைலி வாங்கவில்லை. கைலித் தறி நின்றது. பிறகு நூல் எடுக்கக் காசில்லாமல் துண்டுத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. காலையில் கண்விழித்தால் தறிச்சத்தத்துக்குப் பதில் காக்கைச் சத்தம் கேட்டது. என் வாப்பா பரீது, சும்மா கிடக்கிற தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் உம்மாவிடம் சொன்னார்.

"கொழும்புல மச்சினன் கடையில ஆள் வேணுமாம். தறியக் கேட்டுக் கடையம் ஊர்லேர்ந்து ஒரு ஆள் அடுத்த வாரம் சனிக்கிழமை வாரான். குடுத்துட்டுக் குடும்பத்தோட கப்பலேறிருவோம்."

"அப்போ ஜன்னத் கல்யாணம்?" என்றாள் உம்மா.

"தெரு இருக்கிற இருப்புக்குக் கல்யாணம் ஒண்ணுதான் குறை. அங்கன போய்ப் பாத்துக்கலாம்."

அங்கே போய் என்ன பார்ப்பது? காஜா இங்கே, நான் கொழும்பில். எனக்கு வேறு ஒருவரைப் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகைக்கும் அளவில்லை, காஜாவை வைத வசவுக்கும் அளவில்லை.

காலேஜ் விடுமுறைக்கு நண்பர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்துவிட்டு, விடுமுறை முடிகிற நேரத்தில்தான் காஜா ஊருக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து தெருவுக்குள் நுழைந்ததும் தறிச்சத்தம் இல்லாததைக் கேட்டு முகம் வெளுத்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்தார். நிச்சயமான பெண்ணோடு மாப்பிள்ளை பேசக் கூடாது. ஆனால் மருமகன் மாமியோடு பேசலாம். அதனால் அவர் என் உம்மாவுக்குப் பாடம் நடத்துவது போல நடத்துவார், தறி வீட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இது எங்கள் மூவருக்கும் தெரிந்த ஏற்பாடு.

"மாமி, தப்பு பண்ணிட்டேன்," என்றார்.

உம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். "என்ன தப்பு? பரீட்சையில போயிட்டியா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க முன்னால பேச்சித்தாயிட்ட பணியாரம் வாங்குவீங்கல்ல? அந்தக் காசை அவ என்ன செய்வா?"

"செக்குக்காரன்கிட்ட எண்ணெய் வாங்குவா."

"அவன்?"

"அவனுக்கென்ன, வருஷத்துக்கு நாலு துண்டு நம்ம தெருவுலதான் எடுப்பான்."

"துண்டு வித்த காசுலதான தெருக்கோடி வீட்டுக்காரங்க உங்க சேலைய வாங்குனாங்க? இப்ப நீங்க பணியாரத்தை நிறுத்திட்டீங்க."

"நானாவா நிறுத்தினேன்? நீதான நிறுத்தச் சொன்னே?"

"அதைத்தான் மாமி சொல்லுதேன். ஒரு வீடு செலவைக் குறைச்சா அந்த வீட்டுக்கு மிச்சம். எல்லா வீடும் ஒரே நேரத்துல குறைச்சா யாருக்கும் மிச்சமில்ல. ஏன்னா ஒருத்தர் செலவுதான் இன்னொருத்தர் வரும்படி. ஒரு வீட்டுக்குச் சரியானது ஊருக்கும் சரியா இருக்கும்னு நான் நினைச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. எங்க வாத்தியார் புஸ்தகத்தை மூடி வச்சிட்டு, போர்டுல பெரிய வட்டம் ஒண்ணு போட்டுக் காட்டினாரு. சீமையிலேயே இப்பத்தான் இதைப் பத்திச் சண்டை நடக்காம்."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன். "இதைப் பெருநாளைக்கு முன்னாடியே படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

காஜா மெதுவாக, "அந்தப் பாடம் பங்குனியிலதான் நடத்தினாங்க," என்றார்.

உம்மா அம்மியை விட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிப் பாடத்தைப் படித்த ஆளின் பேச்சைக் கேட்டு ஒரு தெருவே தறியை நிறுத்திவிட்டது. மீதிப் பாடத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

"போய் மஜீது மொதலாளிட்ட சொல்லுங்க, மச்சான்," என்றேன். "வாப்பா தறியை அடுத்த வாரம் சனிக்கிழமை குடுக்கப் போறாங்க."

சாரல் காலத்தில் மஜீதைப் பிடிக்க வேண்டுமானால் குற்றாலத்தில்தான் பிடிக்க வேண்டும். மாடனின் வில்வண்டியில் நாலு பேர் சேர்ந்து தினமும் விடிகாலையில் போவார்கள். பெரிய அருவியில் பாறையோடு பாறையாக நின்றாரென்றால் மற்றவர்கள் குளித்துத் துவட்டிக் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் நகரமாட்டார். தீர்மானத்தில் சொன்ன மாதிரி வண்டிச் சவாரியைக் குறைக்கத்தான் அவரும் நினைத்தார், குற்றாலத்தை மட்டும் விட முடியவில்லை. மற்றபடி அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பழைய கைலிதான் கட்டினார். துண்டில் ஒட்டுப் போட்டிருந்தது.

காஜா அங்கே போய், அருவிக்குள்ளேயே அவர் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். தண்ணீர் இரைச்சலில் பொருளாதாரம் எப்படிக் கேட்கும்?

"மாமா, செலவுதான் வரும்படி!"

"என்னலே?"

"செலவு! வரும்படி!"

"செலவுக்குப் பணம் வேணுமா? வெளிய வா, தாரேன்!"

வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாராம். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நீ படிச்ச பிள்ள. அன்னைக்கு ஒண்ணு சொன்னே, கேட்டோம். இன்னைக்கு வேற சொல்லுதே. தை மாசம் இன்னொண்ணு படிச்சிட்டு வருவே. பாடத்துக்கு ஒரு தடவை ஜமாஅத்து ஃபாத்திஹா ஓதிக்கிட்டு இருக்க முடியுமாலே? செலவழிச்சா காசு போகும். அது எனக்குத் தெரியும். போன காசு திரும்பி வரும்னு சொல்லுதியே, அதை நான் கண்ணால பாக்கணும்."

காஜா நனைந்த கோழியாக எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தார். "கேக்க மாட்டேங்காரு மாமி. வட்டத்தைக் கண்ணால காட்டணுமாம். எங்கேன்னு காட்ட?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். மஜீதின் மேலா, காஜாவின் மேலா, வாப்பாவின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் யோசனை வந்தது. எனக்கு நல்ல யோசனைகள் சாந்தமாக இருக்கும்போது வந்ததே கிடையாது.

"மச்சான், அவங்க சொன்ன சிக்கனத்தை நாம பாதிதான் செய்யுதோம். அதனாலதான் அவங்களுக்குத் தெரியல. முழுசாச் செய்வோம்."

"என்னது?"

"ஒரு வாரம். இந்த ஜும்ஆவிலேர்ந்து அடுத்த ஜும்ஆ வரைக்கும். வெத்தலை கிடையாது, எண்ணெய் கிடையாது, வண்டி கிடையாது, சவரம் கிடையாது, நூல் கிடையாது. வீட்டுல இருக்கிறதைத் தின்னுட்டு உக்காந்திருப்போம். தீர்மானத்தை மீறுனாத்தான தப்பு? நாம ஒரு சொட்டு மீறாம நடப்போம்."

காஜா பயந்துபோனார். "பேச்சித்தாய், மாடன் எல்லாரும் என்ன ஆவாங்க? பாவம்லா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்காங்க? கொஞ்சங்கொஞ்சமா வத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. அது யாரு கண்ணுக்கும் தெரியல. ஒரே வாரத்துல மொத்தமா நின்னா, எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே வாசல்ல போய் நிப்பாங்க."

உம்மா அரைத்த மிளகாயை வழித்துக்கொண்டே, "யாரு வாசல்ல?" என்று கேட்டாள். கேட்ட மறு நிமிஷம் அவளுக்கே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ராபியா மாமி வீட்டுக்குப் போனேன். ராபியா மாமி கேட்டால் தெருவே கேட்ட மாதிரி. ஆண்களிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டில் எது வாங்குவது எது நிறுத்துவது என்பது பெண்கள் கையில் இருந்தது. கேட்டால் சொல்ல எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது: ஜமாஅத் தீர்மானம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆரம்பித்தோம். சனிக்கிழமை காலையில் பேச்சித்தாய் பணியாரக் கூடையோடு தெரு முழுக்கக் கூவிவிட்டு, கூடை குறையாமல் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வாரத்துக்கு ஒருதடவையாவது வாங்குகிற வீடுகள்கூட அன்றைக்கு வாங்கவில்லை.

"ஏட்டி ஜன்னத், ஊருக்கே பல்லுவலியா?"

"சிக்கனம், பேச்சி. மஜீது மொதலாளி சொல்லிருக்காங்க. அங்கன போய்க் கேளு."

அவள் போனாள். எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் வீட்டில் அன்றைக்கு விற்காத பணியாரத்தையே பிள்ளைகள் தின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை செக்குக்காரர் போனார். அன்றைக்கே நாவிதரும் போனார், தெருவில் அத்தனை முகத்திலும் முள்ளு முள்ளாகத் தாடி. வெற்றிலைக்காரி போனாள். ஒவ்வொருவரும் மஜீதின் வாசலில் நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள். மஜீதின் மனைவி ஜாஹிரா பீவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தே களைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை குற்றாலம் போக மஜீது வெளியே வந்தால், மாடன் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டி நுகத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னலே மாடா, வண்டி பூட்டலையா?"

"மத்த மூணு பேரும் சிக்கனமாம் மொதலாளி. ஒத்த ஆளுக்குப் பூட்டுனா மாட்டுக்குப் புண்ணாக்குக்குக்கூடக் கட்டாது. பருத்திக்கொட்டையை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. மாடு எலும்பும் தோலுமா நிக்கி, பாக்கேளா?"

மஜீது நடந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் சாரலில் நனைந்துகொண்டே நடந்தார். மாடன் பாவப்பட்டு, சும்மாவே ஏறிக்கொள்ளும்படி பின்னாலேயே வண்டியை ஓட்டிப்போனதாகவும், சும்மா ஏறுவது தர்மமில்லை என்று அவர் மறுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். மறுப்பார். அவர் அப்படிப்பட்ட மனுஷர்தான்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் அருவிக்கரையில் வரிசையாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். துண்டுக்கடை குற்றாலிங்கம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சாயபு, உங்க தெருவுலேர்ந்து துண்டே வரல? வெளியூர்லேர்ந்து நாலு வக்கீல் வந்து கேட்டாங்க. புதுத்துண்டு இல்லேன்னு திருப்பி அனுப்புனேன்."

"கேக்கிறதுக்கு ஆள் இருக்கா?" என்று மஜீது திகைத்தார்.

"ஏன் இல்ல? கொஞ்சம் குறைச்சல்தான். ஆனா நெய்யுதவங்களே நிறுத்திட்டா நான் எதை விக்கட்டும்?"

அன்றைக்கு மஜீது அருவியில் நிற்கவே இல்லையாம். தலையை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். பின்னால் போயிருந்த காஜா ஓடிவந்து சொன்னார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நூல் கடைக்கு ஒரு ஈ கூடப் போகவில்லை. வாசலில் வந்து நிற்கிறவர்கள் மட்டும் குறையவில்லை. பள்ளிவாசலுக்குப் பிடி அரிசி வாங்க வந்தவருக்கும் நாங்கள் பாதிப் பிடிதான் போட்டோம். அதையும் மஜீதிடம்தான் போய்ச் சொன்னார். வியாழக்கிழமை மஜீதே தெருவில் இறங்கி, ராபியா மாமி வீட்டு வாசலில் நின்றார். அவர் குரல் எங்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏன்மா, நூல் எடுக்க ஒருத்தரும் வரலியே?"

"நெய்ஞ்சா வாங்க ஆளில்ல மொதலாளி. பின்ன நூல் எதுக்கு? சிக்கனம்லா?" என்றாள் ராபியா மாமி, பச்சைப்பிள்ளை போல.

அடுத்த நிமிஷம் அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். வாப்பா தறிக்குழியிலிருந்து பதறி எழுந்தார். தறியின் பலகைகளைப் பாதி கழற்றிக் கட்டி வைத்திருந்தார். மஜீது அந்தப் பலகைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன பரீது?"

"சனிக்கிழமை ஆள் வாரான் மொதலாளி. நாங்க கொழும்புக்குப் போறோம்."

மஜீது உட்கார்ந்துவிட்டார். பிறகு, "காஜாவக் கூப்பிடு," என்றார்.

காஜா அடுப்படியிலேயேதான் இருந்தார். மிளகாய் வாசனையோடு வந்து நின்றார்.

"அந்த வட்டத்தைப் போடுலே."

காஜா அடுப்புக்கரியை எடுத்துத் தரையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். அவசரத்தில் அது வட்டமாகவே இல்லை. "இதுல ஒவ்வொருத்தரும்..." என்று ஆரம்பித்தார். மஜீது கையமர்த்திவிட்டு, கரியை வாங்கித் தானே புள்ளி வைக்க ஆரம்பித்தார்.

"இது பேச்சித்தாய். இது செக்குக்காரன். இது நம்ம துண்டுக்காரங்க. இது மாடன், அவன் மாடு. இது ராபியா. இது பரீது." அந்த வாரம் அவர் வாசலுக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. சுற்றி வந்த கை நின்றது. "இதுல நான் எங்கலே நிக்கேன்?"

காஜா ராபியா மாமிக்கும் வாப்பாவுக்கும் நடுவில் விரலை வைத்தார். "இங்கன, மாமா. அவங்க நெய்ஞ்சாத்தான் உங்க நூல் போகும். உங்க நூல் போனாத்தான் நீங்க மாடன் வண்டியில குற்றாலம் போவீங்க."

மஜீது அந்தப் புள்ளிகளை விரலால் ஒரு சுற்றுத் தொட்டுக்கொண்டே வந்தார். "அப்போ நான் இத்தனை மாசமா மிச்சம் பிடிச்சேன்னு நினைச்சதெல்லாம்..."

"மத்தவங்க வரும்படி நின்னதுதான் மாமா. அவங்க நின்னதும் உங்க கடை நின்னுபோச்சு. நெல் விலை விழுந்தது நம்ம கையில இல்ல. அதைச் சரிபண்ண எனக்குத் தெரியாது, எங்க வாத்தியாருக்கும் தெரியாது. ஆனா வெளியிலேர்ந்து வந்த அடி பாதி, நாம நம்மளையே அடிச்சுக்கிட்டது பாதி. அந்தப் பாதியை நிறுத்தலாம்."

காஜா இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த நிமிஷம் அவர் செய்த தப்பையெல்லாம் மன்னித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மஜீது கரியைக் கீழே வைத்தார். "இந்த ஒரு வாரக் கூத்து யாரு வேலை?"

வாப்பா காஜாவைப் பார்த்தார். காஜா கதவைப் பார்த்தார். ஒளிந்திருந்து என்ன ஆகப்போகிறது? "நாந்தான் மாமா," என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"பி.ஏ. படிக்கிறது அவன்லா?"

"படிச்சது அவுக. கல்யாணம் நின்னுபோனது எனக்கு."

மஜீது சிரித்த சிரிப்பில் கூரை ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. வாப்பாவும் சிரித்துவிட்டார். ஐந்து மாதமாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. பள்ளிவாசலை ஒட்டிய வீட்டுக் கொல்லையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். ஃபாத்திஹா ஓதிய தீர்மானத்தை எப்படி மாற்றுவது என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். மஜீது எழுந்தார்.

"மாத்தவே வேண்டாம். நல்ல காலம் வார வரைக்கும்னுதான ஓதினோம்? அது தானா வரும்னு காத்துக்கிட்டு இருந்தோம். அது நம்ம ஒவ்வொருத்தர் பெட்டியிலயும் பூட்டிக் கிடக்கு. இன்னைக்குத் திறந்து விடுதோம். தள்ளிப் போட்ட கல்யாணம் எல்லாம் இந்தச் சாரலுக்குள்ள நடக்கணும். முடியாதவன் கடன் வாங்கிச் செய்யணும்னு சொல்லல, முடிஞ்சவன் முடங்கிக் கிடக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். துண்டுத் தறிக்கு நூலை நான் இப்பவே இறக்குதேன். வித்துட்டுக் காசு குடுங்க."

காஜா ஏதோ விளக்கம் சொல்ல எழுந்தார். "உக்காருலே," என்றார் மஜீது. "உனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி கிடக்கு. அதுல என்ன வில்லங்கம் வரப்போகுதோ? முடிச்சிட்டு வந்து பேசு." பள்ளிவாசலே சிரித்தது. கொல்லையில் நாங்களும் சிரித்தோம். நாங்கள் அங்கே நிற்பது அதோடு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் தெருக்கோடியில் ஒரு தறி அடிக்க ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. சனிக்கிழமை காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டார்கள். கடையத்து ஆள் தறி வாங்க வந்தபோது வாப்பா கை நிறையக் கஞ்சியோடு பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தறி விக்கிறதுக்கில்ல, போய்ட்டு வாரும்," என்று அவர் சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் காது குளிரக் கேட்டேன். வந்த ஆள் சும்மா போகவில்லை. ராபியா மாமியிடம் வீட்டுக்காரிக்கு ஒரு துப்பட்டி வாங்கிக்கொண்டு போனார்.

ஆறே வாரத்தில் தெருவில் ஏழு கல்யாணம். உலகத்தில் விலை இன்னும் படுத்துத்தான் கிடந்தது. சுரண்டைச் சந்தையும் பழையபடி நிமிர்ந்துவிடவில்லை. ஆனால் குற்றாலத்துக்கு வண்டி வண்டியாகத் துண்டு போனது. பேச்சித்தாயின் கூடை தெருவின் பாதிக்குள்ளேயே காலியானது. மாடனின் மாட்டுக்கு விலா எலும்பு மறைந்தது. தீராத கவலை ஒன்றே ஒன்றுதான்: நெய்து கொடுக்க ஆள் போதவில்லை.

என் நிக்காஹ் கடைசியாகத்தான் நடந்தது. காஜா காலேஜில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வழக்கப்படி என் சேலை வேறு வீட்டுத் தறியில் நெய்தது. அன்றைக்குச் சாரல் இல்லை, நல்ல வெயில். தெருவில் எங்கே பார்த்தாலும் புதுக்கைலி, புதுத்துப்பட்டி, புதுத்துண்டு. கஞ்சி மணம் இன்னும் போகாத துணிகள். பந்தலில் ஒரே ஒருவர் மட்டும் சாயம் போன, ஒட்டுப் போட்ட பழைய கைலியில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்துல் மஜீதுதான்.

வாப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "என்ன மொதலாளி, இன்னைக்குமா சிக்கனம்?" என்று கேட்டேவிட்டார்.

மஜீது கைலியைத் தடவிக்கொண்டு, பந்தலுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"சிக்கனமா? புதுக்கைலிக்கு ஒரு மாசத்துக்கு முன்னாலயே சொல்லி வச்சேன்லே. எந்த வீட்டுக்குப் போனாலும் தறிக்கு ஒழிவே இல்லேங்கான்!"